பதில் கேட்கப் பழக்கிய பேராசிரியர் அமிர்தவல்லி அம்மையாருக்கு

மேகம் வந்து சன்னலை மூடினும் மேசையை விட்டு எழாத மேன்மையே! அரசியல் அறிவியல் துறையின் அசையா உறுதியே! மறுப்பு மடல்கள் மாறி மாறி வந்தபோதும் மனம் தளராத ஆய்வறிஞரே! எங்கள் அன்புக்கும், அவ்வப்போது எங்கள் அச்சத்துக்கும் உரிய அமிர்தவல்லி அம்மையாரே! பணி நிறைவு பெறும் இந்நாளில், கொடைக்கானல் மேல்மலைக் கலைக் கல்லூரியின் ஆசிரியர்களும் அலுவலர்களும் எழுந்து நின்று உங்களை வணங்குகிறோம்.

இலங்கைத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்து, பதினேழாம் வயதில் பெற்றோருடன் கப்பலேறி, இந்த மலைக்கு வந்து சேர்ந்தவர் நீங்கள். அங்கே குடியுரிமை கேட்டு உங்கள் தந்தை அளித்த விண்ணப்பம் ஒற்றை வரியில் தள்ளப்பட்டது. காரணம் எழுதப்படவில்லை. "அப்பா அந்தத் தாள கடைசி வரைக்கும் கிழிக்கல. ஏன்னு ஒரு வார்த்த இருந்திருந்தா கிழிச்சுப் போட்டிருப்பாரு" என்று ஆசிரியர் அறையில் ஒருமுறை சொன்னீர்கள். அடுத்த நொடியே வகுப்புக்குப் போய்விட்டீர்கள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தேழில் இக்கல்லூரியில் அடியெடுத்து வைத்தீர்கள். முப்பது ஆண்டுகள் உள்ளாட்சிச் சட்டம் கற்பித்தீர்கள். எஞ்சிய நாள்களை அமைதியாகக் கழிப்பீர்கள் என்றே நாங்கள் எண்ணியிருந்தோம். ஆனால் இரண்டாயிரத்து ஏழு ஆகஸ்டில், நம் நூலக உதவியாளர் இந்து அழுதுகொண்டே உங்கள் அறைக்கு வந்தார். அவர் ஒப்புதலோடுதான் இதைப் படிக்கிறோம். கோடிக்கணக்கானோர் கூடும் ஒரு பெரிய இணையதளத்தில் யாரோ அவர் பெயரில் பொய்ப் பக்கம் திறந்து, கல்லூரி விழாவில் எடுத்த படத்தையும் தொலைபேசி எண்ணையும் போட்டு, எழுதக் கூசும் சொற்களை எழுதியிருந்தார்கள். பெரும்பாறைத் தோட்டத்தில் கூலி வேலை செய்யும் பெற்றோர், வேலையை விட்டுவிட்டு வீட்டுக்கு வரச் சொன்னார்கள். புகார் கொடுக்கப் போன இடத்தில், "அந்தக் கம்பெனி வெளிநாட்டுல கெடக்கும்மா, நாங்க போயி யாரப் புடிக்கிறது?" என்றார்கள். தளத்துக்கு எழுதியதற்கோ, இயந்திரம் அனுப்பிய நான்கு வரி ஆங்கிலமே பதிலாக வந்தது.

அப்போது நீங்கள் சொன்னதை இந்து இன்றும் அப்படியே சொல்கிறார்: "அழுது முடிச்சுட்டு ஒரு நோட்டு எடுத்துட்டு வா புள்ள. நீ வேலைய விடப் போறதில்ல. நாம தெனமும் எழுதப் போறோம்."

நாள்தோறும் எழுதினீர்கள். நாற்பத்தோராம் நாள் பக்கம் நீங்கியது. யார் நீக்கினார், ஏன் இத்தனை நாள் என்று எவரும் சொல்லவில்லை. நாங்களாக இருந்தால் அத்தோடு நிம்மதி அடைந்திருப்போம். உங்கள் ஆய்வு அன்றுதான் தொடங்கியது.

ஐம்பத்தாறு வயதில் கணினி கற்றீர்கள். மழையில் இணைப்பு அறுந்தால், அது திரும்பும்வரை கம்பளியைப் போர்த்திக்கொண்டு காத்திருந்தீர்கள். பண்ணைக்காட்டுக்கும் வத்தலக்குண்டுக்கும் பேருந்தில் போய், இணையதளங்களால் காயம்பட்டவர்களைத் தேடிப் பிடித்தீர்கள். பதினோரு மாதங்களில் நூற்று அறுபத்து மூன்று முறையீடுகள்! அவற்றில் மனிதர் எழுதிய பதில் கிடைத்தவை ஒன்பதே ஒன்பது!

இந்துவின் துயரத்தைப் பார்த்தபின் எங்களில் பலர் கொதித்தோம். "இந்த மாதிரித் தளத்தையெல்லாம் மூடச் சொல்லி எழுதுங்கம்மா" என்றோம். நீங்கள் மறுத்து, பெரும்பாறைத் தொழிலாளர் சங்கச் செயலாளர் ஞானவேலின் கோப்பை எங்கள் முன் வைத்தீர்கள். இடிந்து விழும் தோட்டக் குடியிருப்புகளைப் படமெடுத்து அதே தளத்தில் அவர் போட்டிருந்தார். யாரோ பொய்ப் புகார் கொடுக்க, அவர் பக்கமும் காரணமின்றி மறைந்து போயிருந்தது. "மூடச் சொல்றது லேசு. வச்சாலும் எடுத்தாலும், ஏன்னு பதில் சொல்ல வைக்கிறதுதான் சோலி" என்றீர்கள். முறையிடுவோரின் மொழியிலேயே முறையீட்டை ஏற்க வேண்டும்; பெயர் சொல்லி அழைக்கத்தக்க ஒருவர் பொறுப்பேற்க வேண்டும்; குறித்த நாளுக்குள் காரணத்தோடு பதில் வர வேண்டும்; தளம் பெரிதாகப் பெரிதாகக் கடமையும் பெரிதாக வேண்டும். உங்கள் ஆய்வின் சாரம் இதுவே.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். சென்ற ஆண்டு அத்தளத்தின் சார்பில் இருவர் இங்கு வந்தனர். ஐந்தாண்டு ஆய்வு மையமும் இருபது கணினிகளும் தருவதாகச் சொன்னார்கள். "பப்ளிஷ் பண்றதுக்கு முன்னாடி எங்களுக்கு ஒரு தடவை காட்டினா போதும் மேடம்" என்றார்கள். "பரீட்சை எழுதுன பிள்ளைகிட்டயே விடைத்தாளக் குடுத்துத் திருத்தச் சொல்ற பழக்கம் எனக்கில்லீங்க" என்று தேநீர் கொடுத்து அனுப்பிவைத்தீர்கள். அதை ஏற்கும்படி உங்களை வற்புறுத்தி நாங்கள் பன்னிரண்டு பேர் ஒரு விண்ணப்பம் தந்தோம். அதில் முதல் கையெழுத்து, இம்மடலை எழுதும் பொருளியல் துறை ஹரிகிருஷ்ணனாகிய என்னுடையது. நீங்கள் ஏசவில்லை. "ஒங்க காரணத்த எழுதியிருக்கீங்க, அது போதும் சார். என் காரணத்தையும் படிங்க" என்று இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தீர்கள். படித்தேன். மறுநாள் காலை உங்கள் அறைக்கு வந்து, முறையீடுகளைப் பட்டியல் போடும் வேலையில் பாதியைக் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

இரு இதழ்கள் திருப்பி அனுப்பிய கட்டுரையை மூன்றாவது இதழ் வெளியிட்டது. இணையதளங்களுக்கான சட்டம் பற்றி ஆராயும் தில்லிக் குழுவொன்று அதன் படியைக் கேட்டு வாங்கியது. இவ்வாண்டு மார்ச்சில் அத்தளம், தமிழில் முறையிட ஒரு முகவரியும் பொறுப்பாளராக ஒருவர் பெயரும் வெளியிட்டது. சட்டம் இன்னும் வரவில்லை. வந்துவிட்டதாகப் புகழ்ந்தால் முதலில் கோபிப்பவர் நீங்கள்தாம்.

கடந்த செவ்வாய், நீங்கள் ஓய்வூதிய வேலையாகத் திண்டுக்கல் போயிருந்தபோது, பூம்பாறையில் பூண்டு பயிரிடும் வீரம்மாள் வந்தார். கல்யாணம் நிச்சயமான மகளின் படத்தை எவனோ அதே தளத்தில் போட்டிருக்கிறான். "அமிர்தவல்லியம்மா இல்லீங்களா? நான் பெறகு வாரேன்" என்று திரும்பியவரை, "இருங்கம்மா, நாங்க இருக்கோம். உக்காந்து சொல்லுங்க" என்று இந்துதான் நிறுத்தினார். நாங்கள் நால்வர் சுற்றி அமர்ந்து தமிழிலேயே முறையீடு எழுதி, பொறுப்பாளர் பெயருக்கு அனுப்பினோம். மூன்றாம் நாள், காரணம் எழுதி, கையொப்பமிட்டுப் பதில் வந்தது. படம் நீக்கப்பட்டது. உங்களைக் கேட்காமல் செய்தோம், பொறுத்தருளுங்கள்! இனியும் கேட்காமலே செய்வோம்.

ஓய்வென்பதே அறியாத உங்களுக்கு உறுதியான உடலும், ஒளி குன்றாக் கண்களும், நெடிய நல்வாழ்வும் வாய்க்க வேண்டுகிறோம். உங்கள் அறையின் சாவியை வாங்கிக்கொள்கிறோம். திங்கள் காலை பத்து மணிக்குத் திறப்போம்.

என்றும் உங்கள் வழி நிற்கும்,
ஆசிரியர்கள் மற்றும் அலுவலர்கள்,
மேல்மலைக் கலைக் கல்லூரி, கொடைக்கானல்.
29 மே 2009