அக்காவும் கடல் சாமந்தியும்

சமையல் உப்பைக் கரைத்துவிட்டால் கடல் தண்ணீர் ஆகிவிடாது, இன்ஸ்பெக்டர் சார். மைசூரில் பலர் அப்படி நினைத்துக்கொண்டுதான் தொட்டி மீன்களைக் கொல்கிறார்கள். நான் மங்களூரிலிருந்து பஸ்ஸின் கூரையில் கேன் ஏற்றிக் கொண்டுவருவேன். கண்டக்டர்கள் முதலில் சாராயமோ என்று முகர்ந்து பார்த்தார்கள், பிறகு பழகிப்போனார்கள். நீங்கள் கொள்ளேகால்காரர், தமிழ் தெரிந்தவர், தமிழிலேயே சொல் என்கிறீர்கள். சொல்கிறேன், நஞ்சுண்டசாமி சார். ஒளிக்க என்னிடம் எதுவும் இல்லை.

ஹெப்பாளில் ஒரு தொழிற்சாலையில் நான் எலக்ட்ரீஷியன். வீட்டில் நானும் என் அக்கா ஜோவிதாவும் மட்டும். கூடத்தில் என் கண்ணாடித் தொட்டி, அடுத்த அறையில் அக்காவின் கட்டில். தொட்டியில் மீன் கிடையாது. பாறைகளும் அவற்றில் ஒட்டிக்கொண்டிருக்கும் கடல் சாமந்திகளும்தான். பார்க்கப் பூ, ஆனால் பிராணி. நடுவில் வாய், சுற்றிலும் விரல்கள். இறால் துண்டை நீட்டினால் மடக்கி வாங்கிக்கொள்ளும். சத்தம் போடாது, குறை சொல்லாது. ஒன்றை இரண்டாக்குவதும் சுலபம். புது பிளேடால் வாயின் நடுவே ஒரே இழுப்பில் வெட்ட வேண்டும். ஒவ்வொரு பாதியும் சுருண்டு, காயம் ஆறி, தனித்தனியாக முழுசாகிவிடும். ஆறும்வரை தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தால் நல்லது.

அக்காவுக்கு நுரையீரல் கெட்டுப்போயிருந்தது. மஸ்கட்டில் இருக்கும் சித்தப்பா மகன் ஒரு ஆக்ஸிஜன் மெஷின் அனுப்பியிருந்தான். குழாய் வழியாக மூக்குக்குக் காற்று கொடுக்கும். கரண்ட் போனால் நின்றுவிடும். அதனால் நானே ஒரு இன்வெர்ட்டர் கட்டினேன். அதில் ஒரே ஒரு பிளக் பாயின்ட்தான். அக்காவுக்காகத்தான் கட்டினேன் என்பதைத் தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள்.

அக்காவைப் பற்றி நான் தப்பாகச் சொல்ல மாட்டேன். அம்மா போன பிறகு என்னை வளர்த்தவள். அதைத் தினமும் சொல்லிக்காட்டியவளும் அவள்தான். ஹில்டாவைக் கட்டிக்கொள்ள நான் ஆசைப்பட்டபோது, "நைட் டியூட்டி பாக்கற நர்ஸு இந்த வீட்டுக்கு பேடவே பேடா, வேணாம். வேற பொண்ணு பாக்கலாம்" என்றாள். வேறு பெண்ணையும் பார்க்கவில்லை. நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். ஹில்டா இன்னொருவரைக் கட்டிக்கொண்டு, பிள்ளைகள் பெற்று, இப்போது எங்கள் மாதா கோயில் ஜெபக்குழுவில் இருக்கிறாள். அக்காவின் நெஞ்சு கெட்டதும் அவளுக்கு நைட் டியூட்டி பார்த்தது நான். இதிலிருக்கும் வேடிக்கையை நான் ஒருவன்தான் கவனித்தேன்.

மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை சாமியார் நோயாளிகளின் வீட்டுக்கே நற்கருணை அப்பம் கொண்டுவருவார். கட்டிலருகே மேசையில் வெள்ளைத் துணி விரித்து மெழுகுவர்த்தி ஏற்ற வேண்டும். நெருப்பும் ஆக்ஸிஜனும் ஆகாது என்பதால் அந்தக் கொஞ்ச நேரம் மெஷினை நிறுத்திவைப்பேன். அக்கா மூச்சிரைத்தபடியே ஆமென் சொல்லி நாக்கை நீட்டுவாள். எல்லாரும் போனதும் மெழுகுவர்த்தியை அணைத்துவிட்டு மெஷினைப் போடுவேன். ஜெபக்குழுப் பெண்களுக்கு இந்த வழக்கம் தெரியும்.

இந்தத் தொண்ணூற்றேழு மே மாத முதல் வெள்ளியன்று காலையில் பெரிய சாமந்தியை வெட்டியிருந்தேன். ஜெபம் முடிந்து சாமியார் அடுத்த நோயாளியைப் பார்க்கக் கிளம்பிவிட்டார். பெண்கள் தொட்டி முன்னால் நின்றார்கள். "இது என்ன எட்வர்ட், பூவா மீனா?" என்று ஹில்டா கேட்டாள். அவள் என்னிடம் முகம் பார்த்துப் பேசி எத்தனையோ வருஷமாயிற்று. நான் வாயெடுப்பதற்குள் கட்டிலிலிருந்து அக்கா, அந்த இழுக்கிற மூச்சிலும், "அதுங்கதாம்மா அவன் புள்ளைங்க. பொண்டாட்டி எதுக்கு அவனுக்கு? பிளேடு இருந்தா போதும், ரெண்டு ரெண்டா பெத்துப் போட்டுடுவான்" என்றாள்.

எல்லாரும் சிரித்தார்கள். ஹில்டாவும் சிரித்தாள். அவளைக் குறை சொல்லமாட்டேன், சிரிக்கும்படிதான் அக்கா சொன்னாள்.

அவர்கள் படியிறங்கும்போது கரண்ட் போயிற்று. கோடையில் இது தினசரி நடப்பதுதான். மெழுகுவர்த்தியை அணைத்தேன். அக்காவின் மெஷின் பிளக்கை இன்வெர்ட்டரிலிருந்து உருவிவிட்டு, தொட்டித் தண்ணீரை ஓடவைக்கும் பம்பைச் செருகினேன். வெட்டுப்பட்ட உயிர் அல்லவா. தவிர, சாமந்திக்கு வாய் உண்டு, குரல் கிடையாது. அக்காவுக்கு வேண்டுமென்றால் கூப்பிடுவாள் என்று நினைத்தேன். நியாயமான எண்ணம்தானே.

கூப்பிட்டாள். "எட்வர்டு, மெஷினு போடலியா?" என்றாள். அப்புறம் "எட்வர்டு" மட்டும். அப்புறம் "தம்பி". சின்ன வயதுக்குப் பிறகு அவள் என்னை அப்படிக் கூப்பிட்டதே இல்லை. நான் ஸ்டூலில் உட்கார்ந்து, இரண்டு பாதிகளும் பாறையைப் பிடித்துக்கொள்கின்றனவா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அறைக்கதவு திறந்தேதான் இருந்தது. கட்டில் கொஞ்ச நேரம் கிரீச்சிட்டது. கரண்ட் திரும்பி வந்தபோது உள்ளே எந்தச் சத்தமும் இல்லை.

அக்கா போய்விட்ட சேதி கேட்டுத் திரும்பி ஓடிவந்தவர்களிடம், மெஷினைப் போட மறந்துவிட்டேன் என்று அழுதேன். எல்லாரும் நம்பினார்கள். மெழுகுவர்த்திக்காக நான் அதை நிறுத்தியதை அவர்களே பார்த்திருந்தார்கள். என்னைக் கட்டிக்கொண்டு ஆறுதல் சொன்னவர்கள்கூட உண்டு. ஹில்டா மட்டும் இன்வெர்ட்டரில் என்ன செருகியிருக்கிறது என்று பார்த்தாள். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. நேராக உங்களிடம் வந்திருக்கிறாள்.

ஒரே பிளக், இரண்டு உயிர், யாராவது ஒருவரைத்தான் காப்பாற்ற முடியும், அந்த இடத்தில் யாராக இருந்தாலும் தடுமாறியிருப்பார்கள். இத்தனை நாளும் இப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். பம்ப் ஓடாவிட்டால் அது எவ்வளவு நேரம் தாங்கும் என்று இப்போது கேட்கிறீர்கள். அந்தச் சாமந்தியை மங்களூர்ப் பக்கத்து உள்ளாள் கடற்கரையில் பாறையிலிருந்து நான்தான் பெயர்த்தெடுத்தேன். கடல் பின்வாங்கியிருந்தது. காலையிலிருந்து சொட்டுத் தண்ணீரில்லாமல் வெயிலில் சுருண்டு கிடந்தது. கேனில் போட்டதும் ஒன்றும் நடக்காததுபோல் விரிந்தது. பம்ப் இல்லாமல் அதற்கு ஒன்றும் ஆகியிருக்காது, சார். அன்றைக்கும் எனக்கு அது தெரியும்.