ஒரு பக்கம் தோல் கட்டிய மணி

சாயங்காலம் ஆறாகக் கொஞ்சம் இருக்கும். கண்டிக்குப் பக்கத்தில் அம்பிட்டியவைத் தாண்டி மேலே, தேயிலைக்குள் வளைந்து வளைந்து போகிற கல்ரோடு. ஆள் இல்லை, நாயும் இல்லை... பனி மட்டும் இறங்கிக்கொண்டிருந்தது. அந்த ரோட்டில் ஒருத்தன் மோட்டார் சைக்கிளை முறுக்கிக்கொண்டு போனான். பயந்து போகவில்லை, ஆத்திரத்தோடு போனான். அதை ஞாபகத்தில் வைத்துக்கொண்டு கேளுங்கள். அந்தக் கதவைச் சாத்திவிட்டு, இன்னும் கொஞ்சம் கிட்ட வாருங்கள்.

அவன் பேர் பிறையன். நம்ம ஊர்ப் பொன்னையாவின் மச்சான். ஸ்பீக்கர் பூட்டுகிற வேலை. முன்பல் ஒன்று பாதி உடைந்தவன். வயரில் சுற்றுகிற கறுப்பு டேப்பைக் கத்தியால் வெட்டமாட்டான், பல்லால் கடித்துத்தான் அறுப்பான். அறுத்த நுனியில் ஒரு சின்ன மூக்கு நீட்டிக்கொண்டு நிற்கும். அதைப் பார்த்தே இது பிறையன் செய்த வேலை என்று ஊரே சொல்லும்.

ரோட்டு முடிவில் வெள்ளைக்காரத் துரைமார் காலத்துக் கிறிஸ்தவக் கல்கோயில். கோபுரத்தில் மூன்று மணி. இங்கிலாந்தில் வார்த்து, கப்பலில் கொழும்புக்கு வந்து, ரயிலில் கண்டிக்கு வந்து, அங்கிருந்து நம்ம ஆட்களின் தோளில் மலையேறின மணிகள். தோள் நம்முடையது. மணியில் வெட்டியிருக்கிற பேர் துரையுடையது.

கோபுரத்தில் வெடிப்பு விழுந்ததும், மணி அடித்தால் கல் உதிரும் என்று கமிட்டிக்காரர்கள் கயிறுகளை அறுத்து எடுத்துவிட்டார்கள். அதற்குப் பதிலாக, ஏதோ ஒரு இங்கிலீஷ் ஊர்க் கோயிலின் மணிச்சத்தத்தை பென் டிரைவில் போட்டுக் கொடுத்து, பிறையனைக் கொண்டு கோபுரத்துக்குள் ஸ்பீக்கர் பூட்டினார்கள். மணி மேலே சும்மா தொங்குகிறது, சத்தம் பெட்டிக்குள்ளிருந்து வருகிறது! கமிட்டி என்று ஒன்றில் சேர்ந்தால் மனிதனுக்குப் புத்தி இப்படித்தான் போகும்.

பூட்டின நாளிலிருந்தே கோளாறு. ஆறு மணிக்குப் பெட்டியைப் போட்டால்... டாங். தெளிவாக. அதன் பின்னாலேயே... தொம். பஞ்சு மூட்டையில் குத்தினது போல. டாங்... தொம். பிறையன் வயரை மாற்றினான். ஸ்பீக்கரை மாற்றினான். தன் கடையிலிருந்து வேறு பெட்டியே கொண்டுவந்து வைத்தான். தொம் போகவில்லை.

கமிட்டிச் செயலாளர் கிருஷ்ணராஜ் அன்று காலை ஃபோனில் கத்தினார்.

“தெரியாட்டி தெரியாதுன்னு சொல்லுங்க பிறையன். மடவளையில ரிஸ்மி இருக்காரு, அவரக் கூப்பிட்டுக்கிறோம்.”

“சேர், சாமான் எல்லாம் புதுசு. மேல எங்கயோதான்...”

“கோளாற நீங்களே வச்சிட்டுப் போறீங்கன்னு சனம் பேசுது. நான் சொல்லல்ல. சனம்.”

நத்தாருக்கு, அதான் கிறிஸ்மஸுக்கு, இன்னும் மூன்று கோயில்களில் அவனிடம் வேலை பேசியிருந்தார்கள். இந்தப் பேச்சு அங்கே போனால் ஒன்றும் மிஞ்சாது. ஆத்திரம் அதனால்தான்.

கோயிலைக் கூட்டித் துடைக்கிற மார்கிரட் அக்கா வாசலில் நின்றாள். மேலே ஏறப்போகிறேன் என்றான்.

“ஏறுங்க. ஆனா பெரிய மணி நாக்குல ஒரு தோல் கட்டியிருக்கும். அத மட்டும் அவுத்துறாதீங்க தம்பி.”

“என்னா தோலு?”

“தொரைமாருல யாராச்சும் செத்தா, நாக்குல ஒரு பக்கம் தோல் கட்டி அடிப்பாங்க. ஒரு அடி நல்லா கேக்கும், மத்த அடி அமுங்கிக் கேக்கும். அடக்கம் முடிஞ்சாத்தான் அவுக்கணும். கடைசித் தொரை நாயக் கூட்டிக்கிட்டு மலைக்குப் போனவரு... வரவே இல்ல. பொணமும் கெடைக்கல்ல, கல்லு மட்டும் நட்டாங்க. அடக்கம் இல்லாம யாரு அவுக்கிறது?”

“தொரைக்கு அழுதது போதும்க்கா. இப்ப நாந்தானே அழுவுறேன்.”

ஏறினான். வௌவால் எச்சத்தின் நாற்றம். பாதி ஏணியில் நிற்கும்போது ஆறு மணிக்குக் கீழே பெட்டியைப் போட்டார்கள். டாங்... தொம். டாங்... பட்டென்று கரண்ட் போனது. பெட்டி செத்தது. காது அடைத்தது போல அமைதி.

தொம்.

தலைக்கு நேர் மேலே. ஃபோன் வெளிச்சத்தை அடித்தான். பெரிய மணி அசையவில்லை. உள்ளே நாக்கு மட்டும் ஆடி... ஆடி... அடங்கியது. அதன் ஒரு பக்கத்தில் தோல். அத்தனை காலத்துத் தோல் வறண்டு விறைத்திருக்க வேண்டும். தொட்டால் ஈரம். நனைந்த நாயின் வாடை.

வேறு ஆளாக இருந்தால் ஏணியை விட்டே குதித்திருப்பான். இவனுக்கோ கோளாறு அகப்பட்டுவிட்ட சந்தோஷம். ஸ்பீக்கர் அதிர்வில் நாக்கு ஆடுகிறது, வேறொன்றும் இல்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, தோலைக் கட்டியிருந்த வாரைக் குறட்டால் அறுத்தான். தோலைச் சாமான் பையில் போட்டுக்கொண்டு இறங்கினான். கரண்ட் வந்தது. டாங்... டாங்... டாங். துடைத்து வைத்தது போலச் சத்தம்.

“பாத்தீங்களா, நாலு வார்த்த ஏசினாத்தான் ஒங்களுக்கு வேல ஓடும்,” என்றார் அங்கே வந்திருந்த கிருஷ்ணராஜ். நன்றி என்று ஒரு சொல் கிடையாது. மார்கிரட் அக்கா அவன் பையையே பார்த்தாள். விளக்குமாற்றை வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

வீட்டுக்கு வந்து பையைத் திறந்தான். தோல் இல்லை. கறுப்பு டேப் சுருளும் இல்லை. கல்ரோட்டுக் குலுக்கலில் விழுந்திருக்கும் என்று படுத்துவிட்டான்.

மறுநாள் ஆறு மணி. டாங்... தொம்.

“இந்த முறை நானும் ஏறுறேன்,” என்றார் கிருஷ்ணராஜ். “யாரு கைவேலன்னு என் கண்ணால பாக்கணும்.”

“வாங்க சேர். தாராளமா வாங்க. எனக்கும் அதுதான் வேணும்.”

மனதாரத்தான் சொன்னான். இவர் ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட்டால் தன் பேர் சுத்தமாகிவிடும் அல்லவா? பிறையன் முன்னால் ஏறினான். பின்னால் செயலாளர் மூச்சு வாங்கிக்கொண்டு வந்தார். ஏணி கிறீச்... கிறீச்...

வெளிச்சத்தை அடித்தான்.

தோல் பழைய இடத்திலேயே இருந்தது. ஆனால் வார் இல்லை. கறுப்பு டேப்பால் இறுக்கி, வரிசை பிசகாமல் சுற்றியிருந்தது. டேப் நுனியில் ஒரு சின்ன மூக்கு.

“என்னா பிறையன், இருக்கா அங்க?”

ஏணி கிறீச்சிட்டது. இன்னும் நாலு படி. அவர் வருமுன் பிய்த்து எறியத்தான் கையை நீட்டினான். அந்த நுனி ஈரமாக இருந்தது. எச்சில்... இன்னும் சூடு ஆறவில்லை.

பிறையனின் வாய்க்குள் டேப் பசை கசந்தது.