எர்த் போல்ட்டுக்கு அடியில் பெயின்ட்

இருக்கிற கொஞ்ச பலத்தையும் காட்டி என் காரின் பேட்டரி போல்ட்டை முறுக்கி உடைத்துவிட்டதால், ஆம்பூர் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். முன்சீட்டில் கார் கம்பெனிச் சீருடையில் இரண்டு பெண்கள்.

"இன்னிக்கு லைனையே நிறுத்திட்டேன்டி!"

"இன்னாத்துக்கு?"

"எர்த் ஒயரு போல்ட்டுக்கு அடியில பெயின்ட். எவ்ளோ டைட் பண்ணாலும் கரன்ட் ஒழுங்கா போவாது. சூப்பர்வைசர், 'டைட் சரின்னு ஸ்பேனரே டிக்குன்னு சொல்லிடுச்சில்ல, அனுப்பு'ன்னாரு. 'சொரண்டாம அனுப்ப மாட்டேன் சார்'னுட்டேன். சொரண்டி, திரும்ப டைட் பண்ணி, செக் பண்ணியாச்சுன்னு மஞ்ச மார்க்கும் நானே வெச்சேன்."

"கெத்துடி! அந்த ஆளு இன்னா சொன்னான்?"

"நோட்டுல என் பேரை எழுதிக்கினு போனாரு. அடுத்த மாசம் பர்மனென்ட் பண்றாங்க. என்னை விட்டுட்டா பண்ணுவாங்க?"

பள்ளிகொண்டாவில் இறங்கும்போது தோழி சொன்னாள்: "யாரைப் பண்ணணும்னு சொல்லப்போறதே அந்த ஆளுதானடி."