நாப்பத்தோராவது ஆள்

வினோதினி: இல்ல கோகுல், நீ எழுதுன லாரி ப்ரோக்ராம் நிக்கவே மாட்டேங்குது. இது மூணாவது தடவ.

கோகுல்: நிறுத்தற கமாண்ட் குடுத்தியா?

வினோதினி: குடுக்காமயா... பத்து நிமிஷமா அதை மொறச்சுக்கிட்டு ஒக்காந்திருக்கேன்.

கோகுல்: ஞாயித்துக்கெழம அரியலூர் ஆபீஸ்ல உனக்கென்ன வேல? லாரி ஒன்னும் ஓடாதே.

வினோதினி: அதனாலதான். பழசை இன்னிக்கே நிறுத்திட்டு புது மெஷினுக்கு மாத்தணுமாம், கிருஷ்ணமூர்த்தி சார் சொல்லிட்டாரு. நீ எங்க நிக்கற?

கோகுல்: பெரம்பலூர் நாலு ரோடு. இருவது நிமிஷத்துல சென்னை பஸ் வந்துரும். ரெண்டு பெட்டி, அம்மா குடுத்த முறுக்கு டின்னு...

வினோதினி: நாளைக்கே புது கம்பெனியா?

கோகுல்: நாளைக்கேதான்.

வினோதினி: சரி, இப்ப என்ன பண்ண, சொல்லு.

கோகுல்: ப்ரோக்ராம்ல நான் சேத்த ரெடிமேட் லைப்ரரியோட கொணமே அது வினோ. உள்ள மெசேஜுக்குன்னு ஒருத்தனாச்சும் காத்துக்கிட்டிருந்தா லூப் நிக்காது. சுத்திக்கிட்டேதான் இருக்கும்.

வினோதினி: லாரிக்கு ஒருத்தனா காத்திருந்த நாப்பது பேரையும் மூடிட்டேன். டைமரையும் மூடிட்டேன்.

கோகுல்: அப்ப ப்ரோக்ராமையே ஒரே அமுக்கா அமுக்கிக் கொன்னுரு.

வினோதினி: அடப்பாவி! கொல்லாத, யாரு காத்திருக்கான்னு மொதல்ல பாருன்னு என்னைத் திட்டித் திட்டியே வேல வாங்குனது யாரு?

கோகுல்: இன்னிக்கு மட்டும் கொன்னுக்கலாம்...

வினோதினி: முடியாது. லிஸ்ட் எடுக்கறேன்... இந்தா, ஒருத்தன் இருக்கான். நாப்பத்தோராவது ஆளு.

கோகுல்: டெஸ்ட்டுக்குப் போட்டிருப்பேன். விடு.

வினோதினி: டிரைவருங்க பஞ்சர்னா மெசேஜ் போடுவாங்களே, அந்த நம்பர்ல காத்துக்கிட்டிருக்கான். ஒரே ஒரு ஆளோட மெசேஜுக்கு. வந்துச்சுன்னா உன் போனுக்கு அனுப்பிட்டு தானா மூடிக்குவான்.

கோகுல்: வினோ, பஸ் வர்ற மாதிரி இருக்கு...

வினோதினி: இருவது நிமிஷம்னு சொன்ன! யாரு நம்பர் இது?

கோகுல்: டிரைவரு எவனாச்சும்...

வினோதினி: என் நம்பர் கோகுல். எப்ப எழுதுன?

கோகுல்: போன பங்குனியில. சீக்கிரம் வரன் அமையணும்னு உங்கம்மா உன்னை திருமழபாடிக்கு நந்தி கல்யாணம் பாக்கக் கூட்டிட்டு வந்தாங்கள்ல...

வினோதினி: அந்தக் கூட்டத்துல நீயும் வந்து நின்ன.

கோகுல்: வூட்ல பேசட்டுமான்னு கேட்டேன். யோசிச்சு சொல்றேன்னு சொன்ன. உன் போனை அண்ணன் எடுத்துப் பாப்பான், அதனால டிரைவருங்க மெசேஜ் போடற நம்பருக்கே போடறேன்னும் சொன்ன. அன்னிக்கே ஒக்காந்து எழுதிட்டேன்.

வினோதினி: பத்து மாசமாச்சே... இத்தன நாள் காத்தா போதும்னு டைம் அவுட் போட மறந்துட்டியா?

கோகுல்: மறக்கல.

வினோதினி: பைத்தியம்.

கோகுல்: அதுக்குத்தான லூப்பு? காத்துக்கிட்டே மத்த வேலையையும் பாக்கலாம்ல.

வினோதினி: பாத்தியா?

கோகுல்: பாத்தேனே, நாப்பது லாரி வேலைய. எதிர் சீட்ல நீ சோத்து டப்பாவத் தொறக்கறப்பல்லாம் எதுவும் கேக்காதவன் மாதிரி தலையக் குனிஞ்சுக்கிட்டேன். ஏங்கி ஏங்கியே பாதி ஆளாயிட்டேன் வினோ. முடியலன்னுதான் சென்னையில வேல தேடுனேன்.

வினோதினி: இன்னொரு தடவ வாயத் தொறந்து கேட்டிருக்கலாம்ல?

கோகுல்: சொல்றேன்னு நீ சொல்லியிருந்த. மறுபடி கேட்டா தொல்ல பண்ற மாதிரி ஆயிரும்... இரு, பஸ் நெஜமாவே வந்துருச்சு. கண்டக்டர் கத்தறாரு. அதைக் கொன்னுரு வினோ.

வினோதினி: வேணாம். ஒரு மெசேஜ் வந்தா தானா மூடிக்கும்ல?

கோகுல்: ஏய்... என்ன பண்ற?

வினோதினி: ஏறிட்டியா?

கோகுல்: ஒரு கால் படியில... இரு, போன் அதிருது. 'வூட்ல வந்து பேசு'... வினோ!

வினோதினி: லூப் நின்னுருச்சு கோகுல்.

கோகுல்: எறங்கிட்டேன்... பெட்டியையும் எறக்கிட்டேன். முறுக்கு டின்னு மட்டும் சென்னைக்குப் போவுது. சாரு கேட்டா சொல்லிரு, பழசு நின்னுருச்சுன்னு.

வினோதினி: சாரு எங்க கேக்கறாரு? அவரு கும்பகோணத்துல கல்யாண வூட்ல இருக்காரு. பழசை நிறுத்தச் சொல்லி யாருமே சொல்லல, நீ ஊர விட்டுப் போறியேன்னு நானாத்தான் கூப்ட்டேன். அந்த நாப்பத்தோராவது ஆளை ஆடி மாசமே பாத்துட்டேன் கோகுல்... பதில் போட்டா அவன் மூடிக்குவான். எனக்காக ஒருத்தன் நெதம் காத்துக்கிட்டிருக்கறத நிறுத்த மனசு வரல.