கல்லு முங்காத தண்ணி

இல்ல கோரலி, முடியாதுன்னு சொல்லலை. நீயே உன் பக்கம் வச்சுக்கோன்னுதான் சொல்றேன். இதோ தட்டு, கழுவி வெயில்ல கவுத்து வச்சிருக்கேன். கல்லு அந்த வாளியில இருக்கு, கார்க்கும் அதுலயே கிடக்கு. சனிக்கிழமை உங்க புதுத் தேனீப் பெட்டி வருதுன்னா இன்னைக்கே கொண்டுபோய் வச்சிடு. தேனீ வந்து இறங்குறதுக்கு முன்னாடியே தண்ணி அங்க இருக்கணும். முதல் நாள் எங்க குடிக்குதோ அந்த இடத்தைத்தான் புடிச்சுக்கும். அப்புறம் நீ தலைகீழா நின்னாலும் மாறாது.

உட்காரு முதல்ல. அந்த நாற்காலி வேண்டாம், கால் ஆடும். இதுல உட்காரு. டீ போடவா? இப்பல்லாம் டீப் பைதான் போடுறேன், வடிகட்டுற வேலையே இல்ல, ஒரு நிமிஷத்துல ஆயிடும். வேண்டாமா. சரி.

கோவமா? எதுக்கும்மா கோவம். பதினெட்டு வருஷமா வேலிக்கு அந்தப் பக்கம் நீ, இந்தப் பக்கம் நான். என் ரெண்டு பெட்டித் தேனீயும் உங்க மூணு பெட்டித் தேனீயும் ஒரே தட்டுலதான் குடிச்சுது. எது யாரோடதுன்னு உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அதனால இப்பவும் நொயலீனே தண்ணி வைக்கட்டும்னு நீ கேக்குறது நியாயம்தான். ஆனா இந்தத் தடவை நீ வையி. ஒண்ணும் கஷ்டமில்ல, சொல்லித் தரேன்.

உன் வீட்டுக்காரர் ஆல்வின் எப்படி இருக்காரு? அப்படியா. ரெண்டு வருஷத்துக்கு அப்புறம் மறுபடியும் பெட்டி வருதுல்ல, சந்தோஷம் இருக்கத்தான் செய்யும். பழைய வெள்ளை உடுப்பை எடுத்துப் போட்டுப் பாத்தாரா? வயித்துக்கிட்ட ஜிப்பு ஏறலையா. பாவம். இன்னமும் அந்த வெள்ளைத் தேனீ கதைய சொல்றாரா? கிளப்புல போன வாரம்கூட சொன்னாராமே. கோழிக் கொட்டாய்ல மறைச்சு வச்ச பெட்டிக்கு, முதுகெல்லாம் மாவு மாதிரி வெள்ளையா ஒரு தேனீ வந்து இறங்குச்சு, உன்னை ஓடி வரச் சொல்லிக் காட்டுனாரு, நல்லது நடக்கப் போகுதுன்னு நினைச்சாரு, மூணாவது நாள் பெட்டிய அழிக்குற அரசாங்க ஆளுங்க வந்து நின்னாங்க. ஆமா, சிரிச்சுக்கிட்டேதான் சொல்வாரு. கேக்குறவங்களும் சிரிக்கிறாங்க.

சரி, தட்டுக்கு வரேன். ஆழமா எதையும் வைக்காத. இது பூந்தொட்டிக்கு அடியில வைக்கிற மண் தட்டுதான். கல்லை நெருக்கி அடுக்கு. கல்லு முங்குற அளவுக்குத் தண்ணி ஊத்தாத, கல்லோட மண்டை வெளிய தெரியணும். அதுங்களுக்கு நீந்தத் தெரியாது கோரலி. கால் ஊணி நிக்க ஈரமா ஒரு இடம் வேணும், அவ்வளவுதான் கேக்குது. கார்க்கு எதுக்குன்னா, தவறி விழுந்தா தொத்தி ஏற. எல்லாம் ஒயின் பாட்டில் கார்க்குதான். சிரிக்காத, அதுல பாதி உன் வீட்டுது.

சோப்புப் போட்டுத் தேய்க்காத. லேசாப் பாசி புடிச்ச தண்ணின்னா அதுங்களுக்கு உசிரு. மோப்பம் புடிச்சுத்தான் வரும், சுத்தமான தண்ணிக்கு ஏது வாசம். முதல் ரெண்டு நாள் ஒரு சிட்டிகை உப்புப் போடு, சீக்கிரம் கண்டுபிடிக்கும். ரெண்டு நாளைக்கு ஒரு தரம் தண்ணிய மாத்து, இல்லன்னா கொசு பெருகும். பெட்டி வாசலுக்கு நேரா வைக்காத, பறக்கும்போதே கழிஞ்சு வைக்கும். மேக்பைப் பறவை வந்து குளிச்சுக் கல்லைத் தள்ளி விடும், கோழி வலை ஒரு துண்டு மேல போட்டுடு. முக்கியமா காய விட்டுடாத. நாற்பது டிகிரி அடிக்கிற அன்னைக்குப் பத்து மணிக்கே வத்திப்போகும். ஒரே ஒரு நாள் வத்துனாலும் நேரா நம்ம தெரு டேரலோட நீச்சல் குளத்துக்குப் போயிடும்.

சரி, சரி. அவர் பேரை எடுக்கலை.

எடுக்கத்தான் வேண்டியிருக்கு. சனிக்கிழமை சாசேஜ் சுடப் போறோம், தெருவுல எல்லாரையும் கூப்பிட்டாச்சுன்னு சொன்னியே. எல்லாரையுமா?

ம். அவரைத் தவிர.

தெரியும், அவர் அன்னைக்குக் கத்துனது எனக்கும்தான் கேட்டுச்சு. குளத்துப் படியில கிடந்த தேனீய மிதிச்சுட்டாரு. கால் பூசணிக்கா மாதிரி வீங்கிப்போய், நொண்டிக்கிட்டே தெருவுக்கு வந்து, இந்தப் பெட்டிங்களுக்கு ஒரு நாள் வழி பண்ணுறேனா இல்லையா பாருன்னாரு. வலியில கத்துறவன் என்னதான் சொல்ல மாட்டான். ஆனா நான் ஒண்ணு பாத்திருக்கேன், உன்கிட்ட சொன்னதில்ல. காலையில வேலைக்குக் கிளம்புறதுக்கு முன்னாடி அவரு அந்த நீளக் குச்சி வலைய எடுத்துக்கிட்டுக் குளத்தைச் சுத்தி வருவாரு. இலை அள்ளுறாருன்னு நினைச்சேன். இல்ல. தண்ணியில விழுந்து தத்தளிக்குற தேனீய ஒவ்வொண்ணா அள்ளி, வெயில் படுற இடமாப் பாத்துத் திட்டு மேல கவுப்பாரு. றெக்கை காஞ்சு அது எழும்புற வரைக்கும் பக்கத்துலயே குந்தி இருப்பாரு. கால்ல செருப்பு மட்டும் மறக்காம போட்டுருப்பாரு.

இப்ப இல்லம்மா, அப்பவே. உங்க பெட்டி போறதுக்கு முன்னாடியே. ஏன் சொல்லலைன்னா, அதுக்குத்தான் வரேன். இரு.

துறைமுகத்துப் பக்கம் தேனீப் பேன் கண்டுபிடிச்ச வருஷம் அது. நம்ம ஏரிக்கரை மொத்தமும் சிவப்பு வட்டத்துக்குள்ள வந்துடுச்சு, வட்டத்துல ஒரு பெட்டி மிஞ்சக் கூடாதுன்னுட்டாங்க. என் பெட்டியில பேனே இல்ல. சோதிச்சுப் பாத்துட்டு அவங்களே சொன்னாங்க, ஒண்ணுகூட இல்லன்னு. இருந்தாலும் கையெழுத்துப் போட்டேன். சட்டம்னா போடுறவதானே நான், வரிசையில நிக்கச் சொன்னா நிக்கிறவ. பொழுது சாயுற நேரம், எல்லாம் உள்ள வந்து அடைஞ்ச அப்புறம் பெட்ரோல ஊத்தி மூடுனாங்க. தகரத்துல மழை பெய்யுற மாதிரி ஒரு இரைச்சல். அப்புறம் அதுவும் இல்ல. உங்களை மாதிரி எல்லாரும் இருந்தா எங்க வேலை சுலபம்னு ஒருத்தர் பாராட்டிட்டுப் போனாரு.

மறுநாள் நீ வந்த. மீன் போட்ட பாஸ்தா ஒரு தட்டு நிறையக் கொண்டுவந்த. இதே இடத்துல உட்காந்து என் கையப் புடிச்சுக்கிட்டு அழுத. எங்களுதும் போச்சு நொயலீன், மூணும் போச்சுன்ன.

இல்ல, குத்திக்காட்ட சொல்லலை. மன்னிப்பெல்லாம் நீ கேக்காத, தயவுசெய்து கேக்காத. ரெண்டைக் குடுத்துட்டு ஒண்ணை ஒளிச்சு வச்சது தப்புன்னு நான் சொல்லவே மாட்டேன். அந்த ஆபரேஷனுக்கு அப்புறம் ஆல்வின் கட்டிலை விட்டு எழுந்ததே அந்தப் பெட்டியப் பாக்கத்தான்னு எனக்குத் தெரியாதா. அதுவும் இப்போ பாரு, பேன் எல்லா இடத்துலயும் பரவிடுச்சு, இனிமே அழிக்கிறதில்ல, அதோடவே இருக்கப் பழகிக்கோங்கன்னு சொல்லிட்டாங்க. என்னோடதும் சும்மா செத்துச்சு, உங்களுதும் சும்மா செத்துச்சு.

அப்புறம் நீ இன்னொண்ணு சொன்ன பாரு, உள்ள வரும்போது. தன் தேனீ செத்த அப்புறமும் ஊர்த் தேனீக்குத் தண்ணி வச்சவ நொயலீன்னு எல்லார்கிட்டயும் சொல்றேன்னு. சொல்லாத. தட்டை நான் எடுக்காம விட்டது பழக்கத்துலதான். காலையில எழுந்தா கை தானாக் குழாய்க்குப் போகும். முதல் வாரம் ஒண்ணு ரெண்டு வந்துச்சு. அன்னைக்கு வெளிய தங்கிட்ட நம்ம பிள்ளைங்கன்னு நினைச்சேன். சந்தோஷமா இருந்துச்சு, பொய் சொல்லலை. பக்கத்துல உட்காந்து பேசுனேன்கூட.

ரெண்டாவது வாரமும் வருது. கூட்டமா வருது. காட்டுத் தேனீக்கும் விஷம் வச்சுட்டாங்க, பின்ன இது எங்கேர்ந்து? மரப்பொந்துல இருக்குறதுன்னா குடிச்சுட்டு மேல ஏறிப் போகும். இது தாழ, வேலிய ஒட்டி, உங்க எலுமிச்சை மரத்துக்கு இடப்பக்கமாப் போச்சு. உன்னோட பாஸ்தா தட்டைக் கழுவித் திருப்பிக் குடுக்கலாம்னு மேசை மேல வச்சிருந்தேன். உள்ள போய் அந்தத் தட்டையே பாத்துக்கிட்டு நின்னேன்.

எழுந்திருக்காத கோரலி. கொஞ்சம்தான் பாக்கி.

டேரலுக்கு நாம என்ன பண்ணோம்னு யோசிச்சுப் பாரு. இந்தத் தெருவுல யார் ஊருக்குப் போனாலும் அவங்க குப்பைத் தொட்டிய அடுத்த வீட்டுக்காரங்க உள்ள இழுத்து வைப்போம். அவரோடது ரெண்டு வருஷமா தெருவுலயே நிக்குது, காத்துல விழுந்து உருளுது. கிறிஸ்துமஸுக்கு எல்லாரும் ரோட்டுல மேசை போட்டு உட்காருறோம், அவரு வீட்டுக்குள்ள விளக்கு எரியுது. ஆல்வின் எதிர்ல அவரைப் பாத்தா ரோட்டைக் கடந்து அந்தப் பக்கம் போயிடுறாரு. யாரும் அவரைத் திட்டலை, கல்லெறியலை. ஒரு வார்த்தை பேசலை, அவ்வளவுதான்.

போன மாசம் வேலிகிட்ட வந்து நின்னாரு. நான்தான் போன் பண்ணி அந்தப் பெட்டியக் காட்டிக் குடுத்தேன்னு அவங்க நினைக்கிறாங்க, நீங்களும் அப்படித்தான் நினைக்கிறீங்களா நொயலீன்னு கேட்டாரு. நான் என்ன பதில் சொன்னேன் தெரியுமா? எனக்கு எதுவும் தெரியாதுப்பா, நாள் போனா எல்லாம் சரியாயிடும்னேன். நன்றின்னாரு. உள்ள வந்து பாத்திரம் கழுவ நின்னேன். குழாயத் திறந்து விட்டுட்டு அப்படியே நிக்கிறேன், தொட்டியில ஒரு பாத்திரமும் இல்ல.

நேத்து வரைக்கும் இப்படியே இருந்துடலாம்னுதான் இருந்தேன். அந்த ஆளு எப்படியும் இதுக்குப் பழகிட்டாருன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். நேத்து சாயந்தரம் நீ வந்து, உன் தட்டை எடுத்து வை, உன் கையால தண்ணி வை, உன் கை ராசின்னு நின்ன. அதான் தட்டைக் கழுவிட்டேன்.

அதனால சனிக்கிழமை டேரலைக் கூப்பிடு. நீ வேண்டாம், ஆல்வினே போய்க் கதவைத் தட்டட்டும், அதுதான் முறை. நான் வரலை. வர வேண்டாம்னு நீ சொல்லணுமேன்னு கஷ்டப்படாத, நானே சொல்லிட்டேன். ஆல்வின்கிட்ட நான் வந்து சொல்லணும்னா வரேன். அவர் முகத்தைப் பாத்துச் சொல்றேன்.

அவரோட அந்த வெள்ளைத் தேனீ கதையில மட்டும் ஒண்ணு மாத்திக்கச் சொல்லு. ஏதோ வெள்ளைப் பூவுல புரண்டு வந்துச்சுங்கிறாருல்ல. பூ இல்லம்மா. கோதுமை மாவு. டீ வடிகட்டியில கொஞ்சம் எடுத்து, அது குடிச்சுக்கிட்டு இருக்கும்போதே முதுகு மேல தட்டித் தூவுனேன். எவ்வளவு நேரத்துல திரும்புதுன்னு பாத்தா எவ்வளவு தூரத்துல பெட்டி இருக்குன்னு தெரிஞ்சுடும். அடுப்படிக் கடிகாரத்தை வாசல்ல கொண்டுவந்து வச்சுக்கிட்டேன். நாலு நிமிஷம். நாலு நிமிஷத் தூரத்துல உங்க வீட்டைத் தவிர வேற என்ன இருக்கு. அதுக்கு அப்புறம்தான் போன் பண்ணினேன். பேரு சொல்லலை.

தப்பா ஒருத்தர் மேல சொல்லிடக் கூடாதேன்னு மூணு நாள், மூணு தடவை மாவு போட்டேன் கோரலி. எப்பவும் அப்படித்தான், எதையும் சரிபாத்துதான் செய்வேன். அது ஒரு தடவைகூட மிரண்டு ஓடலை. மூணு தடவையும் திரும்பி என் தட்டுக்கே வந்து, கல்லு மேல கால ஊணி நின்னு குடிச்சுச்சு.