வேர்க்கன்று

ஒரு மாமரத்துக்கு நல்ல மண் இருக்கிறது, கிணற்றுத் தண்ணீர் பாய்கிறது, பூச்சியும் இல்லை. ஆனாலும் அது ஏன் நுனியிலிருந்து காய்கிறது? எனக்கு இன்று வரை விளங்கவில்லை, இன்ஸ்பெக்டர் ஐயா.

உட்காரச் சொல்லாதீர்கள், நின்றபடியே சொல்கிறேன். ஜன்னல் மட்டும் திறந்திருக்கட்டும். வெளியே இன்னும் தூறுகிறதா என்று பார்க்க வேண்டும்.

நீங்கள் சேலத்திலிருந்து மாற்றலாகி வந்தவர். எங்கள் பேர்த்தோப்பைப் பற்றி உங்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். எங்கள் ஊரில் குழந்தை பிறந்த அன்றே ஒரு மாங்கொட்டை ஊன்றுவோம். கன்றுக்கும் குழந்தைக்கும் ஒரே பேர். கன்று செழித்தால் ஆள் செழிப்பான். மரம் பட்டால் அன்றே ஆளும் போவான். மற்ற ஊர்க்காரர்களுக்கு விதி தலையில் எழுதியிருக்கிறது. எங்களுக்கு மண்ணில் ஊன்றியிருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம். தோப்பைப் பார்த்துக்கொள்வது எங்கள் குடும்பம். அப்பாவுக்குப் பிறகு நான்.

முதல் தேர்தல் நடந்த வருஷம் காய ஆரம்பித்தது என் மகள் காவேரியின் மரம். கல்லாவியில் அவளுக்கு மாப்பிள்ளை பார்த்திருந்தோம். மரத்தின் உச்சி காயக் காய அவள் மெலிந்தாள். எரு போட்டேன், வேரைத் தோண்டிப் பார்த்தேன், சுண்ணாம்பு பூசினேன். வீட்டுக்கும் தோப்புக்குமாக நடந்துகொண்டே இருந்தேன். காய்வது கீழே இறங்கியதே தவிர நிற்கவில்லை.

அப்போதுதான் தோன்றியது. எழுதியதை ஒன்றும் செய்ய முடியாது. ஊன்றியதை ஒட்டுக் கட்டலாம். இந்தப் பக்கத்து மாந்தோப்புகளில் எல்லாரும் செய்கிற வேலைதானே.

எப்படி என்று சொல்கிறேன், சுலபம். ஓர் இளங்கன்றைத் தொட்டியில் எடுத்து, மரத்தின் நல்ல கிளைக்குப் பக்கத்தில் பரண் கட்டி வைக்க வேண்டும். அதுதான் வேர்க்கன்று. கன்றிலும் கிளையிலும் ஒரே அளவுக்குப் பட்டையைச் சீவி, சீவிய இடங்களைச் சேர்த்து வாழைநாரால் இறுக்க வேண்டும். இரண்டும் ஒன்றாகப் பிடித்ததும் கிளையை மரத்திலிருந்து அறுத்துவிடலாம். கன்றின் தலையை ஒட்டுக்கு மேலே வெட்டிவிட வேண்டும். பிறகு வேர் கன்றினுடையது, மேலே இருப்பதெல்லாம் கிளையினுடையது.

சரியான கனத்தில் தோப்பில் ஒரே கன்றுதான் இருந்தது. எங்கள் வயலில் வேலை செய்யும் ராமப்பன்-முனிலட்சுமி தம்பதியின் மகன் மாதனுடையது. பையன் அப்போதுதான் சுவரைப் பிடித்து நடக்கத் தொடங்கியிருந்தான். வெயிலில் வாடுகிறது, நிழலுக்கு மாற்றுகிறேன் என்றேன். முனிலட்சுமிக்குச் சந்தோஷம். தினமும் அவளே வந்து தண்ணீர் ஊற்றினாள்.

"எங்க வூட்டுல மச்சு ஏறுன மொத ஆளு எம் மவந்தாஞ் சாமி," என்று பரணைப் பார்த்துச் சிரித்தாள். "ஏண்டா மாதா, இனி அம்மா உங் கண்ணுக்குத் தெரிவேனாடா?"

நார்க்கட்டு எதற்கு என்று கேட்டாள். காற்றில் சாயாமல் இருக்க என்றேன். அதுவும் பொய்யில்லை.

ஒட்டுப் பிடித்தது. கன்றின் தலையை ஒரே வெட்டாக வெட்டக் கூடாது, ஒட்டு அதிர்ந்துவிடும். முதலில் பாதி, சில நாள் விட்டு மீதி. பாதி வெட்டிய அன்று பையன் நடப்பதை நிறுத்தினான். பிறகு பாலையும் நிறுத்தினான். ராமப்பன் ஓடி வந்தபோது, கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரிக்குப் போக என் வண்டியையே கட்டிக் கொடுத்தேன். என் மனைவி சரோஜம்மாளைக் கேட்டுப் பாருங்கள். வண்டி ஊர் எல்லையைத் தாண்டியதும் மீதியை வெட்டினேன். தள்ளிப்போட்டால் கன்றுக்குத்தான் வீண் வேதனை.

கிளையை மரத்திலிருந்து அறுத்து, ஒட்டுக்கன்றைத் தோப்பிலேயே நட்டேன். காவேரியின் பழைய மரம் அடி வரை பட்டுப்போனது. அவள் எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்டாள். வைகாசியில் கல்யாணம் செய்துவைத்தோம்.

இதில் ஒரு தொந்தரவு உண்டு. மழை பெய்தால் வேர்க்கன்று ஒட்டுக்குக் கீழே துளிர்க்கும். விட்டுவைத்தால் சாரமெல்லாம் அந்தத் துளிருக்கே போய், மேலே இருப்பது காய்ந்துவிடும். போன வருஷம் அப்படித் துளிர்த்தபோது முனிலட்சுமி முழுகாமல் இருந்தாள். கிள்ளினேன். அவளுக்குக் கலைந்துவிட்டது. இந்த வருஷமும் துளிர்த்தது. அவளும் மறுபடி உண்டாகியிருக்கிறாள். முந்தாநாள் கிள்ளப் போன என் கையை வந்து பிடித்துக்கொண்டாள்.

"இது எங்க மாதன் எலைங்க சாமி. மேல இருக்கறது உங்க எலை, கீழ இருக்கறது எங்க எலை. எனக்குத் தெரியாதுங்களா? தண்ணி ஊத்துனவ நானு."

உங்களுக்குச் சொல்வது போலவே அவளுக்கும் பொறுமையாக விளக்கினேன். மேலே இருப்பது வாழப் போன பெண், கீழே இருப்பது இன்னும் யாருமே இல்லை என்றேன்.

"அதையும் நீங்களே சொல்லிக்கிறீங்க," என்றாள். கையை விடவில்லை. ராமப்பனை உங்களிடம் அனுப்பிவிட்டு, நீங்கள் வரும் வரை பிடித்துக்கொண்டே நின்றாள்.

அதிலிருந்து என்னை இங்கே வைத்திருக்கிறீர்கள். மழையும் விடவில்லை. காவேரிக்குத் தலை சுற்றுகிறதாம், கல்லாவியிலிருந்து ஆள் வந்து சொன்னான்.

ஆகவே எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறேன். கன்றின் தலையை வெட்டியது நான்தான். வெட்டினால் பையன் இருக்க மாட்டான் என்று தெரிந்துதான் வெட்டினேன். ஆனால் மாதனை நான் அழித்துவிட்டதாக மட்டும் எழுதாதீர்கள். அவன் வேர் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. என் பராமரிப்பில் அது ஒரு நாளும் வாடியதில்லை.

ஒரு கான்ஸ்டபிளைச் சைக்கிளில் அனுப்புங்கள். கத்தி வேண்டாம், நகம் போதும். ஒட்டுக்குக் கீழே துளிர்த்திருப்பதை, இலை விரிவதற்குள் கிள்ளிவிட வேண்டும்.