முந்தி வரும் எக்கோ

மறையூரிலிருந்து மூணாறு போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். இளையவள் மடியில் உறை போட்ட கீபோர்டு. மூத்தவள் கழுத்தில் ஸ்கார்ஃப் சுற்றியிருந்தாள். அவள் பேச்சு கிசுகிசுப்பாகவே வந்தது.

"நாம பாடுறதுக்கு முந்தியே எக்கோ வந்து நிக்குதுக்கா," என்றாள் இளையவள். நான் ஜன்னலுக்கு வெளியே பார்ப்பதை விட்டேன்.

"அதெப்படிட்டி முந்தி வரும்?"

"சர்ச்சுல மைக்குக்கு வாங்கின புது சவுண்டு மிக்சர்ல ஒரு வேகம் வச்சிருக்கு. எக்கோ அந்த வேகத்துக்குத்தான் திரும்பி வருது. நம்ம எஸ்டேட் ஆளுங்க மூணாவது சரணத்துல மேடு ஏறுற மாதிரி இழுக்காங்க. அடுத்த வார்த்தைக்கு வாய் திறக்குறதுக்குள்ள எக்கோ விழுந்து எல்லாரும் தடுமாறுதாங்க. இப்படியே போனா கிறிஸ்மஸுக்குக் கொயர் பாடவே வேண்டாம், ரெக்கார்டு போட்டுக்கலாம்னு கமிட்டில சொல்லிட்டாங்க."

"வேகத்தைக் குறைச்சு வையேன்."

"முதல் சரணத்துக்கு ஒத்து வராதே. அதுல ஒரு பட்டன் இருக்குக்கா. தாளத்துக்குத் தட்டிட்டே இருந்தா எக்கோ நம்ம கூடவே வரும். எனக்கு ரெண்டு கையும் கீபோர்டுல. நீங்க தட்டுங்க."

"தொண்டை ஆபரேஷனுக்கப்புறம் சர்ச்சுல எனக்குக் கடைசி பெஞ்சுதான்ட்டி."

"தட்டுறதுக்குத் தொண்டை எதுக்கு? எங்க இழுப்பாங்கன்னு உங்களுக்குத்தானே தெரியும். இத்தனை வருசம் பாட்டெடுத்துக் குடுத்தது நீங்கதானே."

மூத்தவளின் விரல் முன் கம்பியில் மெதுவாகத் தாளம் தட்டியது.

"கொயர்ல மொதல்ல இழுக்கிறது செல்விதான்," என்றாள் பிறகு. "அவ மூச்சு எடுக்குறப்பவே தெரிஞ்சிரும். என் நாற்காலிய அவளுக்கு நேரா, முன்னாடி போடு."